இன்ஜின் எடுக்கவில்லையா? கயிற்றை விடுங்கள், ப்ளக்கைப் பாருங்கள்

அவுட்போர்டு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபோது எல்லோரும் முதலில் செய்வது, கயிற்றை மறுபடி மறுபடி இழுப்பது. பத்து இழுப்பில் எடுக்காத இன்ஜின் முப்பதாவது இழுப்பில் எடுப்பது அபூர்வம். அதற்குள் தோள் விட்டுப்போகும், சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கி ப்ளக் நனைந்துபோகும், ஸ்டார்டர் கயிறும் நைந்துவிடும். சின்னக் கோளாறு பெரிய செலவாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நாலைந்து இழுப்புக்கு மேல் வேண்டாம். நிறுத்திவிட்டு மூன்றே கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். எண்ணெய், அதாவது எரிபொருள், வருகிறதா? கரண்ட் வருகிறதா? கம்ப்ரஷன் இருக்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் இன்ஜின் எடுத்தே ஆக வேண்டும். எடுக்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று குறைகிறது. எது குறைகிறது என்பதைக் கண்டுபிடிக்க, பெரும்பாலும், ஒரு ப்ளக் ஸ்பேனரும் பத்து நிமிடப் பொறுமையும் போதும்.

கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளிலும், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் மன்னார், யாழ்ப்பாணம் கரைகளிலும் ஃபைபர் படகுகளில் ஓடும் 8 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களை மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறேன். பெட்ரோலில் மட்டும் ஓடுபவையும், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுபவையும் இதில் அடங்கும்.

கடலில் என்றால் முதல் வேலை நங்கூரம்

நடுக்கடலில் இன்ஜின் நின்றால் மூடியைத் திறக்கும் முன் நங்கூரத்தைப் போடுங்கள். காற்றும் நீரோட்டமும் நீங்கள் பழுது பார்த்து முடிக்கும்வரை காத்திருக்காது. பாக் நீரிணையில் இது இன்னும் முக்கியம். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த கடல் எல்லை அங்கே மிக அருகில் இருக்கிறது. இன்ஜின் நின்ற படகு தன் விருப்பம் இல்லாமலே எல்லையைத் தாண்டிவிடலாம். அங்கே ஆழம் குறைவு என்பதால் நங்கூரம் எளிதில் பிடிக்கும். ஆழமான இடமாக இருந்தால், கயிற்றில் கட்டிய வலையையோ வாளியையோ அணியத்திலிருந்து கடலில் விடுங்கள். அது படகின் ஓட்டத்தைக் குறைக்கும், முகப்பை அலைக்கு நேராகவும் திருப்பி வைக்கும். படகு குறுக்கே கிடந்து ஆடினால் கையில் எடுத்த ப்ளக்கும் ஸ்பேனரும் கடலுக்குத்தான் போகும்.

இன்னொன்று. பீடி, சிகரெட், அடுப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இனி செய்யப்போகும் வேலை முழுவதும் பெட்ரோல் ஆவிக்கு நடுவில்தான்.

ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டியவை

ஸ்பேனர் எடுப்பதற்கு முன் கண்ணாலும் கையாலும் பார்த்துவிடக் கூடியவை இவை.

கில் சுவிட்ச் கிளிப் தன் இடத்தில் இருக்கிறதா? சிவப்புக் கயிற்றின் முனையில் இருக்கும் இந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு கழன்றிருந்தால் கரண்ட்டே வராது. என்ன இழுத்தாலும் பயனில்லை. இன்ஜின் ஓட்டுபவர் கிளிப்பைக் கையில் மாட்டியபடி கடலில் விழுந்துவிட்டால், படகில் இருப்பவர்களால் இன்ஜினை எடுத்துத் திரும்பிப்போய் அவரை ஏற்ற முடியாது. அதனால் ஒரு உபரி கிளிப் படகிலேயே கட்டிக் கிடக்க வேண்டும். அதன் விலை சொற்பம்.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா? கியர் விழுந்திருந்தால் பல மாடல்களில் கயிறே நகராது. அது பழுதல்ல, பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு.

டேங்கில் எண்ணெய் இருக்கிறதா? டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? காற்று உள்ளே போக வழியில்லை என்றால் எண்ணெய் வெளியே வராது. கரையில் மூடி வைத்துவிட்டு மறந்து கிளம்பினால், இன்ஜின் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். பிறகு எடுக்கவே எடுக்காது.

எண்ணெய்க் குழாய் இன்ஜினில் மாட்டும் கனெக்டர் முழுவதும் அமர்ந்திருக்கிறதா? குழாய் எங்காவது மடிந்தோ, டேங்குக்கு அடியில் நசுங்கியோ கிடக்கிறதா? பெட்ரோல், மண்ணெண்ணெய் மாற்றும் காக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

சோக்கையும் கவனியுங்கள். குளிர்ந்த இன்ஜினுக்கு சோக் தேவை. சற்றுமுன்வரை ஓடிக்கொண்டிருந்த சூடான இன்ஜினுக்கு அது தேவையில்லை, போட்டால் சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கி வெள்ளம் கட்டிவிடும்.

இழுக்கும் முறையும் ஒன்று உண்டு. கயிறு கனக்கும் இடம்வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். தொடக்கத்திலேயே வெட்டி இழுத்தால் கயிறுதான் அறும்.

பல்ப் கைக்குச் சொல்லும் சேதி

டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே குழாயில் இருக்கும் ரப்பர் பல்பைப் பிடித்துப் பிசையுங்கள். அதன்மேல் உள்ள அம்பு இன்ஜினைப் பார்க்க வேண்டும். பிசையும்போது அம்பு மேலே பார்க்கும்படி பல்பைச் செங்குத்தாகப் பிடித்தால் உள்ளே இருக்கும் வால்வுகள் நன்றாக வேலை செய்யும்.

சில முறை பிசைந்ததும் பல்ப் கல்போல இறுகினால், கார்புரேட்டர்வரை எண்ணெய் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

எவ்வளவு பிசைந்தாலும் இறுகவில்லை என்றால், டேங்க் காலி, அல்லது வழியில் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. காற்று புகும் இடத்தில் எண்ணெய் கசிய வேண்டும் என்பதில்லை. கனெக்டருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் வெளியே ஈரமே தெரியாது, காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

பிசைந்த பல்ப் சப்பையாக ஒட்டிக்கொண்டு விரியாமல் நின்றால், அடைப்பு டேங்க் பக்கத்தில் இருக்கிறது. காற்றுத் திருகு, டேங்குக்குள் இறங்கும் குழாயின் அடியில் உள்ள வலை, குழாயின் உட்சுவர் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். பழைய குழாயில் உள் அடுக்கு உரிந்து வழியை மறிப்பது உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதிதுபோல இருக்கும்.

பல்பைப் பிசைந்துகொண்டே இருக்கும்வரை இன்ஜின் ஓடி, பிசைவதை விட்டதும் நின்றால், பல்புக்கு முன்னால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது இன்ஜினில் உள்ள எண்ணெய் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கரை சேர்வதற்கு இது ஒரு வழியும்கூட. ஒருவர் பிசைந்துகொண்டே இருந்தால் படகை மெதுவாகக் கொண்டுவந்துவிடலாம்.

ப்ளக்கை வெளியே எடுங்கள்

இத்தனையும் பார்த்தும் எடுக்கவில்லை என்றால், இனி ப்ளக்கைக் கழற்ற வேண்டும். 21 மில்லிமீட்டர் ப்ளக் ஸ்பேனர் இந்த இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். தொப்பியை இழுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் தொப்பியையே பிடித்துத் திருகி எடுங்கள். இரண்டு சிலிண்டர் இன்ஜின் என்றால் எது மேல், எது கீழ் என்று மாறிப்போகாமல் வையுங்கள்.

இப்போது ப்ளக்கின் முனையைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்.

முனை காய்ந்திருந்தால், அத்தனை இழுப்பிலும் சிலிண்டருக்குள் எண்ணெயே போகவில்லை. கரண்ட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கோளாறு எண்ணெய் வழியில் இருக்கிறது.

முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், எண்ணெய் வருகிறது, ஆனால் எரியவில்லை. கரண்ட் இல்லாமல் இருக்கலாம், அல்லது எண்ணெய் மிதமிஞ்சிப் போயிருக்கலாம்.

ஈரம் இருந்தும் விரலில் வழவழப்பு இல்லாமல், துளித்துளியாக உருண்டு நின்றால் அது தண்ணீர். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது.

முனை முழுவதும் கரி பிடித்து, மின்முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் கரியால் அடைந்திருந்தால் பொறி தாவுவதற்கு இடமே இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினிலும், ஆயில் அதிகம் கலந்து ஓட்டிய இன்ஜினிலும் இது அடிக்கடி வரும். நல்ல ப்ளக்கின் முனை செங்கல் பொடிபோன்ற பழுப்பில் இருக்கும்.

கடலில் இருக்கும்போது ப்ளக்கைத் தேய்த்துச் சுத்தம் செய்வதைவிடப் புதியதை மாட்டுவதே நல்லது. ப்ளக்கின் மாடல் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். யமாஹாவின் பல டூ ஸ்ட்ரோக் மாடல்களுக்குப் போடும் என்ஜிகே பி7எச்எஸ்-10 ப்ளக்கில், கடைசியில் வரும் 10 என்பது இடைவெளி 1 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. பைக் ப்ளக் மரையில் பொருந்திவிடலாம். ஆனால் அதன் நீளமோ வெப்ப அளவோ வேறாக இருந்தால் பிஸ்டனையே பதம் பார்த்துவிடும்.

வெள்ளம் கட்டினால்

சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கிவிட்டால் சோக்கை எடுத்துவிடுங்கள். எண்ணெய்க் குழாயைக் கழற்றுங்கள். கில் சுவிட்ச் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். ப்ளக் ஓட்டை வழியே தெறிக்கும் பெட்ரோலில் பொறி விழாமல் இருப்பதற்காக இது. பிறகு ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து வைத்து, ப்ளக் இல்லாமல் ஏழெட்டு முறை கயிற்றை இழுங்கள். தேங்கியது வெளியேறிவிடும். சற்று நேரம் காற்றாட விட்டு, தெறித்ததைத் துடைத்து, காய்ந்த ப்ளக்கை மாட்டி, கிளிப்பையும் குழாயையும் மறுபடி இணைத்து, சோக் இல்லாமல் இழுத்துப் பாருங்கள். வெள்ளம் கட்டிய இன்ஜின் என்றால் பெரும்பாலும் இதிலேயே எடுத்துவிடும்.

கரண்ட் வருகிறதா?

கழற்றிய ப்ளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியில் ஒட்டி வைத்து, கயிற்றை இழுத்தால் பொறி தெரிய வேண்டும். நீலமாக, சடசடவென்று சத்தத்தோடு விழுந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து விழுந்தால் பலவீனம். வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது என்பதால் துண்டால் நிழல் காட்டிப் பாருங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ப்ளக்கைக் கையால் பிடிக்காதீர்கள், ரப்பர் பிடி போட்ட குறடால் பிடியுங்கள். இந்த இன்ஜின்களில் பொறிக்கு மின்சாரம் தரும் சிடிஐ பெட்டியின் அதிர்ச்சி ஆளைத் தடுமாறவைத்துக் கடலில் தள்ளிவிடும். சிலிண்டரில் ப்ளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்து இந்தச் சோதனையைச் செய்யவும் கூடாது. உள்ளிருந்து வரும் ஆவி தீப்பிடிக்கும். வெள்ளம் கட்டிய இன்ஜினில் முதலில் ஆவியைப் போகவிடுங்கள்.

பொறியே இல்லை என்றால் முதல் சந்தேகம் மறுபடியும் கில் சுவிட்ச் மேல்தான். உப்புக்காற்றில் சுவிட்சுக்குள்ளும் வயர் இணைப்பிலும் பச்சைக் களிம்பு பிடித்து, இன்ஜினை அணைப்பதற்கான இணைப்பு தானாகவே நிரந்தரமாக விழுந்துவிடும். கில் சுவிட்சிலிருந்து வரும் வயரை இணைப்பில் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச். அப்படியே இன்ஜினை எடுத்துக் கரைக்கு வரலாம். ஆனால் இனி சுவிட்சால் இன்ஜினை நிறுத்த முடியாது, சோக்கை இழுத்து மூச்சடைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆள் விழுந்தால் இன்ஜின் நிற்கும் பாதுகாப்பும் இல்லை. ஆகவே இது கரைவரைக்கும் மட்டும்.

இரண்டு சிலிண்டரில் ஒன்றில் மட்டும் பொறி இல்லை என்றால் ப்ளக்குகளை இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் ப்ளக்கோடு இடம் மாறினால் ப்ளக் போய்விட்டது. அதே சிலிண்டரிலேயே நின்றால் தொப்பி, வயர், காயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தொப்பிக்குள் உப்பு படிந்திருந்தால் துடைத்துக் காயவைப்பதே சில நேரம் போதும். காயிலும் சிடிஐ பெட்டியும் மெக்கானிக்கின் மீட்டருக்கு உரியவை. படகில் வைத்துத் திறக்காதீர்கள்.

எண்ணெயில் தண்ணீர், கார்புரேட்டரில் பிசின்

பொறி நன்றாக இருக்கிறது, ப்ளக் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால், ஆயில் கலந்த பெட்ரோலில் ஒரு தேக்கரண்டி எடுத்து ப்ளக் ஓட்டை வழியாகச் சிலிண்டரில் விட்டு, ப்ளக்கை மாட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு இழுங்கள். இன்ஜின் எடுத்து இரண்டு மூன்று விநாடியில் நின்றால், கரண்ட்டும் கம்ப்ரஷனும் சரி. கார்புரேட்டரோ பம்போதான் தகராறு. ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலையோ ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயையோ அடிக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்கு வழவழப்பு அந்த ஆயிலால்தான் வருகிறது. ஸ்ப்ரே அதைக் கழுவிவிடும்.

கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் இருக்கும். அதன் அடிப்பகுதியில் சிறிய வடிதிருகு உண்டு. கீழே ஒரு கண்ணாடிக் குப்பியையோ வெட்டிய தண்ணீர் பாட்டிலையோ பிடித்து அந்தத் திருகைத் தளர்த்துங்கள். வடிந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் குமிழ்குமிழாக உருண்டு கிடக்கும். அசைத்தால் பாதரசம்போலச் சேர்ந்து ஓடும். தண்ணீர் தெரிந்தால், சுத்தமான எண்ணெய் வரும்வரை பல்பைப் பிசைந்து வடித்துவிட்டுத் திருகை மூடுங்கள். கையில் வேறு டேங்க் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். தண்ணீர் கார்புரேட்டர்வரை வந்துவிட்டது என்றால் டேங்கின் அடியிலும் இருக்கத்தான் செய்யும்.

இப்போது இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். அந்த அடுக்கில் டூ ஸ்ட்ரோக் ஆயில் தங்காது. அதை உறிஞ்சும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் தப்பித்தது என்றே கொள்ளலாம், ஓடினால் தேய்ந்துபோகும். புயல் எச்சரிக்கையில் வாரக்கணக்காகக் கரையில் கிடந்த படகின் டேங்கில், பாதி நிரம்பிய பெட்ரோல் இருந்தால் அதை நம்பிக் கடலுக்குப் போக வேண்டாம்.

பழைய பெட்ரோல் கிண்ணத்திலேயே காய்ந்தால் அரக்குபோன்ற பிசினாக மாறி ஜெட் துளைகளை அடைக்கும். ஐடில் ஓட்டத்துக்கான துளை மயிரிழை அளவுதான், முதலில் அடைபடுவதும் அதுதான். இப்படி அடைந்த இன்ஜின் சோக் போட்டால் மட்டும் எடுக்கும், சோக்கை விட்டதும் நிற்கும். கார்புரேட்டரைக் கழற்றி, கிளீனர் அடித்து, காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் அந்த ஜெட் அதோடு போயிற்று.

மண்ணெண்ணெய் இன்ஜினுக்கு மட்டும்

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் காலையில் எடுக்கவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் முந்தைய நாள் கரை சேர்ந்தபோது நடந்ததில் இருக்கும்.

பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சுமார் 35, 40 டிகிரிக்குச் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். விடியற்காலை இன்ஜினின் உலோகம் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். ஆகவே ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல், இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய் என்பது முறை. நிறுத்தும்போது இதே முறையைத் திருப்பிச் செய்ய வேண்டும். கரை சேர்வதற்குச் சில நிமிடங்கள் முன்பே காக்கைப் பெட்ரோலுக்குத் திருப்பி, குழாயிலும் கிண்ணத்திலும் மிச்சமுள்ள மண்ணெண்ணெய் எரிந்து முடியும்வரை ஓட்டி, பிறகு அணைக்க வேண்டும்.

கரையில் இது தவறிப்போவதற்குக் காரணம் இருக்கிறது. உடையும் அலையைத் தாண்டிப் படகை மணலில் ஏற்றும் நேரத்தில் ஓட்டுபவரின் கவனம் முழுவதும் அலையின் மேலும், இன்ஜினைத் தூக்கும் கணத்தின் மேலும் இருக்கும். காக் நினைவுக்கு வராது. அதனால் அலை வெட்டும் இடத்துக்கு வெகு முன்னாலேயே, கரை தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் திருப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெயோடு நின்றுவிட்ட இன்ஜினை எடுக்க, முன்பு சொன்ன வடிதிருகைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். காக்கைப் பெட்ரோலுக்குத் திருப்பிப் பல்பைப் பிசைந்து, வடிவதில் மண்ணெண்ணெய் வாடை போய்ப் பெட்ரோல் வாடை வரும்வரை விடுங்கள். திருகை மூடுங்கள். ப்ளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். இவ்வளவும் செய்யாமல் கயிற்றை மட்டும் இழுத்தால், மண்ணெண்ணெயைச் சிலிண்டருக்குள் இறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கயிறு சொல்லும் கம்ப்ரஷன்

பழகிய கைக்குக் கயிற்றின் கனம் தெரியும். வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் கயிறு வந்தால் கம்ப்ரஷன் போயிருக்கிறது. ப்ளக் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால் ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ரிங், பிஸ்டன் ஆகியவற்றில் ஒன்று. கரையில் மெக்கானிக் கேஜ் வைத்து அளப்பார். இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்ஜினைப் பிரித்தாக வேண்டும்.

கயிறு நகரவே இல்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, புரொப்பல்லரில் வலை சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். புரொப்பல்லரைத் தொடும் முன் கில் கிளிப்பை எடுத்துவிடுங்கள். பிறகு ப்ளக்கைக் கழற்றி மெதுவாக இழுங்கள். இப்போது நகர்ந்து, ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சினால் சிலிண்டரில் தண்ணீர் நின்றிருக்கிறது. அப்போதும் நகரவில்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கலாம். கரைக்கு இழுத்துப்போகும் வழியைப் பாருங்கள்.

கயிறு பின்பக்கம் கையைப் பிடுங்கினாலோ, இன்ஜின் துப்பாக்கிபோல வெடித்தாலோ ஃப்ளைவீல் சாவி வெட்டுப்பட்டுப் பொறி நேரம் தவறி விழுகிறது என்று சந்தேகிக்கலாம். அதுவும் மெக்கானிக் வேலை.

கடலில் மூழ்கிய இன்ஜின்

அலையில் படகு கவிழ்ந்து இன்ஜின் மூழ்குவது நம் கரைகளில் அரிதல்ல. வெளியே எடுத்த உடனே நேரம் ஓடத் தொடங்கிவிடும். உப்புநீர் பட்ட இரும்பு, காற்று பட்டதும் துருப்பிடிக்கும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் பேரிங்குகள் போய்விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியதா, நின்றிருக்கும்போது மூழ்கியதா என்பதை மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஓடும்போது தண்ணீரை விழுங்கிய இன்ஜினில் கனெக்டிங் ராடு வளைந்திருக்க வாய்ப்புண்டு. கையால் ஃப்ளைவீலைச் சுற்றும்போது எங்காவது இடித்தாலோ, உள்ளே மணல் நறநறத்தாலோ அதற்கு மேல் சுற்றாதீர்கள்.

தடையில்லாமல் சுற்றினால், முதலில் நல்ல தண்ணீரால் முழுவதும் கழுவுங்கள். ப்ளக்குகளைக் கழற்றி, ஓட்டை கீழே பார்க்கும்படி இன்ஜினைச் சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தையும் எண்ணெய்க் குழாயையும் வடித்துவிடுங்கள். சிலிண்டரிலும் கார்புரேட்டர் வாயிலும் டூ ஸ்ட்ரோக் ஆயிலை விட்டுச் சுற்றுங்கள். மின் இணைப்புகளைத் துடைத்துக் காயவையுங்கள். புது ப்ளக், புது எண்ணெய் போட்டு அன்றைக்கே எடுத்து, குளிர்நீர் ஓட்டத்தோடு அரைமணி நேரமாவது ஓடவிட வேண்டும். அன்றைக்கு எடுக்க முடியாது, மெக்கானிக்கும் வர முடியாது என்றால் இன்ஜின் பகுதியை நல்ல தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்திருப்பது, ஈரத்தோடு காற்றில் போடுவதைவிடப் பாதுகாப்பு.

ஸ்டார்டர் கயிறு அறுந்தால்

மேல்மூடியையும் கயிறு சுற்றும் பெட்டியையும் கழற்றுங்கள். 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் இதற்குப் பெரும்பாலும் போதும். ஃப்ளைவீலில் ஒரு வெட்டு இருக்கும். அவசரக் கயிற்றின் முடிச்சை அதில் மாட்டி, வலமாகச் சில சுற்று சுற்றி இழுங்கள். இந்த முறையில் கியர் பாதுகாப்பு வேலை செய்யாது. கியர் விழுந்திருந்தால் படகு பாய்ந்துவிடும், ஆகவே நியூட்ரலை இருமுறை பாருங்கள். கைலி, துண்டு, கழுத்துக் கயிறு எதுவும் திறந்த ஃப்ளைவீலுக்கு அருகில் போகக் கூடாது. இன்ஜின் எடுத்த பிறகு மூடியை மாட்ட முயலவும் கூடாது.

செல்ஃப் ஸ்டார்ட் இன்ஜினில் சாவியைத் திருப்பினால் டக் என்ற சத்தம் மட்டும் வந்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது முனைகளில் உப்பு பூத்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். நிறைந்த பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் மேலே சொன்ன வரிசையோடு ஆயில் அளவையும் சேர்த்துப் பாருங்கள். அதில் பெட்ரோலோடு ஆயில் கலக்கக் கூடாது.

எடுத்ததும் தண்ணீரைப் பாருங்கள்

இன்ஜின் எடுத்ததும் பின்புறத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சவில்லை என்றால் உடனே அணையுங்கள். நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கலாம், அல்லது மணலோ பாலித்தீனோ வழியை அடைத்திருக்கலாம். கரையில் சோதித்துப் பார்க்கும்போது, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் கால்பகுதியை இறக்கியே ஓட்டுங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் கருகிவிடும்.

நாளைய ஸ்டார்ட் இன்றைக்கே

எடுக்காத இன்ஜின்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு, அதற்கு முன் அதை நிறுத்திவைத்த விதத்தில் இருக்கிறது. பாடு முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, கிண்ணம் காலியாகித் தானாக நிற்கும்வரை அந்தத் தண்ணீரிலேயே ஓடவிடுங்கள். ஆயில் அளவைக் கண் அளவுக்கு விடாதீர்கள். 50க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. மண்ணெண்ணெய் மாடலுக்கு விகிதம் வேறாக இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். டேங்கில் ஊற்றும்போது நுண்வலை வைத்த புனலால் வடிகட்டுங்கள்.

தண்ணீர் புகாத டப்பா ஒன்றில் இவை இருக்கட்டும்: ப்ளக் ஸ்பேனர், இரண்டு புது ப்ளக், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், குறடு, அவசரக் கயிறு, உபரி கில் கிளிப், புரொப்பல்லருக்கான பின், கனெக்டர் ரப்பர் வளையம், காய்ந்த துணி. இதோடு ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் வேண்டும்.

வரிசையாகப் பார்த்தும் எடுக்கவில்லை, இருட்டு வருகிறது, காற்று ஏறுகிறது என்றால் உதவியைக் கேளுங்கள். கைபேசிச் சிக்னல் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. விஎச்எஃப் வானொலி இருந்தால் சேனல் 16. பேட்டரி தீரும்வரை இன்ஜினோடு போராடிவிட்டு அழைப்பதைவிட, கைபேசியில் பேட்டரி இருக்கும்போதே அழைத்து இருப்பிடத்தைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

இந்த வரிசை படகில் இன்ஜின் பிடிப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கடலில் விழுந்தவரோ உடம்புக்கு முடியாமல் படுத்தவரோ அவராகவே இருக்கலாம். கரையில் இன்ஜின் நல்ல நிலையில் இருக்கும் ஒரு நாளில், படகில் ஏறும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது தன் கையால் ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கட்டும், கிண்ணத்தை வடிக்கட்டும், கில் கிளிப்பை எடுத்து மாட்டட்டும். கற்றுக்கொடுப்பதற்கு ஒரு மாலை நேரம் போதும்.